கலாவுக்கு, அந்த ரிப்போர்ட் விஷயமாக

தென்காசி
வியாழன் இரவு

அன்புள்ள கலா,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியே இருக்கிறது. என் யாழினி யுகேஜி போகிறாள், வாய் ஓய்வதே இல்லை, அதில் மட்டும் உன் வாரிசு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ வாட்ஸப்பில் அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச முடியாதுதான். ஆனால் 'இனி இவரோடு வாழ முடியாது' என்று ஒரு வரி எழுதிவிட்டு போனை அணைத்து வைத்தால் நான் என்னடி செய்வேன்? மங்கை அக்கா மெஸ்ஸில் ஒரே தட்டில் சாப்பிட்டவளுக்கு இதுதான் மரியாதையா?

முதலில் அந்தத் தாளை ஒழுங்காகப் படி. கரு கலைந்ததும் எடுக்கச் சொன்ன டார்ச் சோதனை அது, கர்ப்பத்தைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளை ரத்தத்தில் தேடுவது. ஹெர்பிஸ் கிருமியின் 1, 2 இரண்டு வகையையும் சேர்த்து, ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் பாசிட்டிவ் என்று போட்டிருக்கிறது. எந்த வகை என்று பிரித்துச் சொல்லவில்லை. எப்போதோ ஒரு காலத்தில் அந்தக் கிருமி உடம்புக்குள் வந்திருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். போன மாசமா, மூன்று வயதிலா என்று சொல்லாது. புதுத் தொற்றில் வருவதாகச் சொல்லும் ஐஜிஎம் 'பார்டர்லைன்' என்று இருப்பதைப் பார்த்துப் பயந்திருப்பாய். பழைய தொற்று கிளம்பினாலும் அது ஏறும், ஒன்றும் இல்லாமலும் ஏறும். அதை நம்பி எதையும் முடிவு செய்யக்கூடாது. அந்த டாக்டர் உன்னை உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். தாளை நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாராமே, எனக்கு வயிறு எரிகிறது.

ஒவ்வொரு செமஸ்டருக்கும் முந்தின வாரம் உன் கீழுதட்டு ஓரத்தில் கொத்தாகக் கொப்புளம் கிளம்புமே, ஞாபகம் இருக்கிறதா? உடம்புச் சூடு என்று வார்டன் வெந்தயம் ஊறவைத்துக் கொடுப்பார். நீ துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு ஹால் டிக்கெட் வாங்கப் போவாய். அது ஹெர்பிஸ்தான், கலா. முதல் வகை. பெரும்பாலும் சின்ன வயதில், யாராவது கொஞ்சி முத்தம் கொடுத்ததில் வருவது. உலகத்தில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. செந்தில் அண்ணனை நீ பார்ப்பதற்குப் பல வருஷம் முன்பே உன்னிடம் இருந்த கிருமி. அதற்கு அந்த மனுஷரைப் பிடித்து மஸ்கட்டில் யாரோடு இருந்தீர்கள் என்று கேட்டிருக்கிறாய்.

உடலுறவில் பரவும் இரண்டாம் வகை இல்லவே இல்லை என்று நான் சத்தியம் செய்ய முடியாது. வகை பிரித்துச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது, கேட்டு எடுக்கலாம். அதுவே வந்தாலும் குடி முழுகிவிடாது. ஏனென்றால் எனக்கு அது இருக்கிறது. இவருக்கும் என் டாக்டர்களுக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

கல்யாணமான அடுத்த வருஷம். காய்ச்சல், தொடையிடுக்கில் நெறிகட்டி, ஒன்றுக்குப் போனால் உயிர் போகிற எரிச்சல். சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டேதான் போவேன், அப்போதுதான் தாங்கும். சிறுநீர்த் தொற்று என்று முதலில் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு தோல் டாக்டர் கொப்புளத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து அனுப்பினார், பிசிஆர் சோதனையில் இரண்டாம் வகை என்று தெரிந்தது. இவரைச் சோதித்தால் இவருக்கும் இருந்தது. அவருக்கு ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. இப்படித் தெரியாமலே வைத்திருப்பவர்கள்தான் அதிகம்.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. வீட்டில் பேச்சே இல்லாமல் போனது. ஒருநாள் ராத்திரி இவராகவே சொன்னார், 'உனக்கு முன்னால ஒருத்தி இருந்தா. என்கிட்டேர்ந்துதான் வந்திருக்கும்.' அழுதேன், கத்தினேன். ஆனால் அவர் சொன்ன பிறகுதான் எங்களால் சண்டை போட்டு முடிக்கவே முடிந்தது. அதனால்தான் சொல்கிறேன், செந்தில் அண்ணனிடம் கேள், ஆனால் குற்றவாளியை விசாரிப்பது போலக் கேட்காதே.

அப்புறம் பழகிவிட்டது. முதுகுத்தண்டின் அடியில் நரம்பு வேரில் படுத்துக் கிடக்கும். கிளம்புவதற்கு முன்னால் எனக்கு இடது தொடை ஊசி குத்துவது போல் சுருக்கென்று இழுக்கும், அன்றைக்கே மாத்திரையை ஆரம்பித்தால் சீக்கிரம் அடங்கிவிடும். முதல் வருஷம் அடிக்கடி வந்தது. இப்போது எப்போதாவது, விடைத்தாள் திருத்தித் தூக்கம் கெடும் சமயத்தில். மருந்துக்கடைப் பையன் 'அம்மைக்கா, அக்கிக்கா?' என்று சத்தமாகக் கேட்பான். அந்த இரண்டுக்கும் இதே மாத்திரைதான், கிருமி மட்டும் வேறு. அக்கிக்கு என்று சொல்லி வாங்கி வருவேன்.

அந்த அசைக்ளோவிர் மாத்திரையைப் பற்றிப் படித்துப் பார், நீயும் நானும் கெமிஸ்ட்ரி படித்ததற்கு அது ஒன்று போதும். கிருமி புகுந்த செல்லுக்குள் போனால்தான் வேலையைத் தொடங்கும், தொடங்கி வைப்பதே கிருமியின் சொந்த நொதி! அதை உருவாக்கிய குழுவில் இருந்த ஜெர்ட்ரூட் எலியன் பிஎச்டி முடிக்காதவர், 1988இல் நோபல் வாங்கினார். தூங்கும் கிருமியை மட்டும் அதனால் தொட முடியாது, வேரோடு ஒழிக்க இன்னும் மருந்து வரவில்லை. தம்பதியில் ஒருவருக்கு மட்டும் இருந்தால், அவர் தினமும் அதன் இன்னொரு வடிவமான வாலாசைக்ளோவிர் போட்டால் மற்றவருக்குப் பரவுவது பாதியாகக் குறைகிறது. ஆணுறையும் உதவும். புண் இருக்கும் நாட்களில் விலகியிருக்க வேண்டும். புண் இல்லாதபோதும் சில சமயம் பரவும் என்பதால்தான் இவ்வளவும்.

குழந்தை விஷயம்தான் உன்னைத் தின்கிறது, தெரியும். இரண்டு முறை கலைந்ததற்கு இந்தத் தாளைக் காரணமாகச் சொல்ல முடியாது. அடுத்தடுத்துக் கரு கலைந்தவர்களுக்கு டார்ச் சோதனையே வேண்டாம் என்று இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி எப்போதோ எழுதிவிட்டது. உன்னிடம் இருப்பதற்காக உன் குழந்தை போகவில்லை. இதை மாமியார் கேட்கும்படிச் சொல்ல எனக்கு ஆசை.

யாழினி வயிற்றில் இருந்தபோது டாக்டரம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். பிரசவம் நெருங்கும் சமயத்தில் புதிதாகத் தொற்றினால்தான் பெரிய ஆபத்து, குழந்தைக்குப் போக 30 முதல் 50 சதவீதம் வரை வாய்ப்பு. பழைய தொற்று என்றால் ஒரு சதவீதத்துக்கும் கீழே, தாயின் எதிர்ப்புச்சக்தி குழந்தைக்கும் போய்விடுகிறது. 36ஆம் வாரத்திலிருந்து மாத்திரை கொடுத்தார்கள். வலி எடுத்ததும் விளக்கு வைத்துப் புண் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை, சுகப்பிரசவம். இருந்திருந்தால் சிசேரியன் செய்திருப்பார்கள்.

சனிக்கிழமை பொதிகை ரயிலில் கிளம்புகிறேன். அதற்குள் இந்தக் கடிதத்தை செந்தில் அண்ணனிடம் கொடுத்துப் படிக்கச் சொல். என் விஷயமும் தெரிந்துவிடுமே என்று யோசிக்காதே, தெரியட்டும். திங்கட்கிழமை மூன்று பேருமாகப் போய் அந்த இன்னொரு சோதனையைக் கொடுத்துவிட்டு வருவோம். போனை மட்டும் ஆன் பண்ணி வை.

உன்
தேவி