ஆங்கிலம் கேட்பதும் படிப்பதும்: 6, 7, 8ஆம் வகுப்புப் பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

"தினமும் போனில் ஆங்கில வீடியோ பார்க்கிறாள், எல்லாம் புரிகிறது என்கிறாள், பரீட்சையில் மட்டும் இலக்கணத்தில் மார்க் போகிறதே?" என்று பலர் கேட்கிறீர்கள். கவனம் இல்லை என்று பிள்ளையைத் திட்ட வேண்டாம். பொருள் புரிவதும் இலக்கணம் காதில் விழுவதும் வேறு வேறு வேலைகள்.

'ஷி வாக்ட் டு ஸ்கூல் எஸ்டர்டே' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். இறந்தகாலத்தைக் காட்டும் 'ட்' ஒலி அடுத்து வரும் 'டு'வோடு ஒட்டிக் கரைந்துவிடுகிறது. கரையாவிட்டாலும் பிள்ளைக்கு அது தேவைப்படுவதில்லை. நேற்று நடந்தது என்பதை 'எஸ்டர்டே'யே சொல்லிவிடுகிறது. 'ஹீ ரீட்ஸ்' என்பதன் கடைசி 'ஸ்'ஸும் அப்படித்தான். தமிழில் 'படிக்கிறான்' என்றாலே போதும், யார் என்பதை விகுதி சொல்லிவிடும். ஆங்கிலத்தில் 'ஹீ' முன்னாலேயே வந்துவிடுவதால் 'ஸ்' இல்லாமலே பொருள் விளங்குகிறது. 'கோ' மட்டும் 'வென்ட்' என்று ஆளே மாறிப்போவதால் காது பிடித்துக்கொள்கிறது. 'வென்ட்' என்று சரியாக எழுதும் பிள்ளை அடுத்த வரியில் 'வாக்' என்று, இறந்தகாலத்தைக் காட்டும் ஈ.டி. (ed) இல்லாமல் எழுதுவது இதனால்தான்.

இதை ஆராய்ச்சியும் காட்டியிருக்கிறது. 1990இல் மொழி கற்றலை ஆராயும் பில் வான்பேட்டன், ஸ்பானிஷ் கற்கும் மாணவர்களை ஒரு பகுதியைக் கேட்க வைத்தார். முக்கியமான ஒரு சொல்லைக் கவனிக்கச் சொன்னபோது புரிதல் குறையவில்லை. ஆங்கில 'தி' போன்ற 'லா' என்ற சொல்லையோ வினை விகுதியையோ கவனிக்கச் சொன்னபோது குறைந்தது. 2001இல் வின் வாங் என்ற ஆய்வாளர் இதையே ஆங்கிலம் கற்பவர்களிடம் கேட்டலிலும் படித்தலிலும் சோதித்தார். கேட்டபோது 'தி'யைக் கவனித்தவர்களுக்குப் புரிதல் குறைந்தது. படித்தபோது அந்த இழப்பு இல்லை. ஒலி நிற்காது, எழுத்து நிற்கும். கண் திரும்பிப் போய்ப் பார்க்கலாம்.

ஆகவே வீட்டில் வரிசையை மாற்றுங்கள்: முதலில் படிப்பு, பிறகு கேட்பு. ஆங்கிலப் பாடநூலில் எட்டுப் பத்து வரியுள்ள ஒரு பத்தி போதும். பிள்ளை ஒருமுறை படித்துவிட்டு, கதை என்ன என்று உங்களிடம் தமிழில் சொல்லட்டும். இதைத் தாண்டாமல் இலக்கணத்துக்குப் போகாதீர்கள். பொருள் தெரியாத வரியில் ஈ.டி.யைத் தேடுவது வெறும் எழுத்து வேட்டை. இரண்டாம் முறை, அந்த வாரத்துக்குரிய ஒரே ஒரு விஷயத்தைப் பென்சிலால் அடிக்கோடிடட்டும். ஒரு வாரம் ஈ.டி., அடுத்த வாரம் 'ஏ', 'தி'. எல்லாவற்றையும் ஒரே நாளில் கோடிட்டால் பக்கம் நிறையும், மனத்தில் ஒன்றும் நிற்காது. பிறகு அதே பத்தியை யாராவது வாசிக்க, புத்தகத்தைப் பார்த்தபடி ஒருமுறை, மூடிவிட்டு ஒருமுறை கேட்கட்டும். எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம். உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. தமிழில் கதை கேட்டு, எத்தனை கோடு என்று எண்ணினால் போதும்.

கேட்பதை அடியோடு விட்டாலும் தவறு. கண்ணால் மட்டும் கற்ற பிள்ளை 'வாக்ட்' என்பதை 'வாக்கெட்' என்று படிக்கும். ஈ.டி.க்கு முன்னால் t அல்லது d ஒலி இருந்தால்தான் 'வான்டட்' போல ஓர் அசை கூடும். இல்லையென்றால் 'வாக்ட்', 'பிளேய்ட்'தான். இதைக் காதால்தான் பழக முடியும்.

வீடியோ பார்த்தால், திரையின் கீழே ஓடும் ஆங்கில எழுத்தோடு பார்க்கட்டும். தமிழ் எழுத்து ஓடினால் கண் பொருளை எடுத்துக்கொண்டு போய்விடும். வேகத்தைக் குறைப்பதைவிட, வாக்கியம் முடிந்ததும் நிறுத்துவது நல்லது. ஓடிக்கொண்டிருக்கும்போதே "இது எந்த டென்ஸ்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள், அடுத்த வாக்கியமும் கைவிட்டுப் போகும். மெட்ரோ ரயிலில் போகும்போது ஆங்கில அறிவிப்பைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஸ்டேஷன் பெயர் சரியாக வரும், 'தி' பெரும்பாலும் விடுபடும். அப்போது திட்டாமல், அந்த வாக்கியத்தை எழுதிக் காட்டுங்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது பிள்ளையின் ஆங்கிலப் பாடநூலை எடுத்து வாருங்கள். அடிக்கோடுகளை வகுப்பாசிரியரோடு உட்கார்ந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
சென்னை