ரெய்கியும் வலியும்: கட்டுரையில் விடுபட்டவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடலின்மேல் கைகளை மெல்ல வைத்துச் செய்யப்படும் ஜப்பானிய மாற்றுச் சிகிச்சையான ரெய்கி, உடல்வலிக்குத் தரும் ஆறுதல் பற்றித் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நாட்பட்ட வலியோடு வருபவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் இயன்முறை சிகிச்சையாளர் என்ற முறையில் அக்கட்டுரையில், ரெய்கி ஆறுதல் தருகிறது என்ற ஒரு பாதியை மனமார ஏற்கிறேன். கைகளின் வழியே உயிராற்றல் பாய்கிறது, சிகிச்சைக்குப் பின் வலி கூடினாலும் அது நல்லதே என்ற மற்றொரு பாதி, வலியால் தவிப்பவரைத் தாமதத்தில் தள்ளிவிடக்கூடும் என்ற கவலையால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வலி என்பது அடிபட்ட இடத்திலிருந்து மூளைக்குக் கூடாமலும் குறையாமலும் போய்ச் சேரும் செய்தி அன்று. அச்செய்தி தண்டுவடத்திலேயே கூடவும் குறையவும் செய்கிறது என்பதை 1965ஆம் ஆண்டிலேயே ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற ஆய்வாளர்கள் இருவரும், தண்டுவடத்தை வலிச்செய்தியைக் கட்டுப்படுத்தும் வாயிலாகக் காணும் தங்கள் 'வாயில் கோட்பாட்டில்' முன்வைத்தார்கள். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்தி வெளியிட்ட வரையறையும் வலியைப் புலனும் உணர்ச்சியும் கலந்த, விரும்பத்தகாத அனுபவமாகவே காண்கிறது. அச்சமும் தூக்கமின்மையும் வலியைப் பெருக்குகின்றன என்றால், அவற்றைத் தணிக்கும் எதுவும் வலியின் சுமையை ஓரளவு இறக்கிவைக்கத்தான் செய்யும். ரெய்கிக்கு இடம் உண்டென்றால் அது இங்கேதான்.

முழங்கால் அறுவைக்குப் பிறகு பயிற்சிக்கு வருபவரைக் கூர்ந்து பார்த்தால் இது எளிதில் விளங்கும். தோள்கள் காதை நோக்கி ஏறியிருக்கும், தாடை இறுகியிருக்கும், மூச்சு நெஞ்சின் மேற்பகுதியோடு நின்று திரும்பும், நாம் பாதத்தைத் தொடும் முன்னரே தொடைத்தசை கல்லாகிவிடும். இப்படிப்பட்டவரை உடுத்திய உடையோடு படுக்கவைத்து, தலை, தோள், வயிறு, கால் என ஒவ்வோரிடத்திலும் சில நிமிடங்கள் உள்ளங்கையை மெல்ல வைத்தோ சற்று மேலே நிறுத்தியோ ஒருவர் அமைதியாக உடனிருக்கும்போது, தோள் இறங்குவதையும் மூச்சு வயிறு வரை செல்வதையும் கண்ணாலேயே பார்க்க முடிகிறது. அழுத்துவதும் பிசைவதும் இதில் இல்லை என்பதால், பிடித்துவிடுதலைத் தாங்க முடியாத முதியோர்களும் எலும்பு தேய்ந்தவர்களும்கூட இதை ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஆனால் இந்தத் தளர்வுக்குக் காரணம் கைகளின் வழியே பாயும் உயிராற்றல்தான் என்று கட்டுரை அடித்துச் சொல்வது சரியன்று. அப்படியோர் ஆற்றலை இதுவரை எந்தக் கருவியும் அளந்ததில்லை. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், உடலெங்கும் பரவிய நாட்பட்ட தசைவலி நோயான ஃபைப்ரோமயால்ஜியாவால் அவதிப்பட்ட 100 பேரில் சிலருக்குப் பயிற்சி பெற்ற ரெய்கி ஆசான்களும், சிலருக்கு அவர்களைப் போலவே செய்து காட்டிய நடிகர்களும் 8 வாரங்கள் சிகிச்சை அளித்தார்கள். ரெய்கியோ தொடுதலோ நோயின் அறிகுறிகளைக் குறைக்கவில்லை என்பதே அதன் முடிவு. 2011இல் வெளியான மற்றோர் ஆய்வு இதைவிடச் சுவையானது. கீமோதெரபி பெற வந்த 189 பேர் அதில் பங்கேற்றார்கள். உண்மையான ரெய்கி பெற்றவர்களும் போலி ரெய்கி பெற்றவர்களும் உடலும் மனமும் இதமாக இருப்பதாக உணர்ந்தார்கள். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆக, உதவியது ஆசானின் தீட்சை அன்று. ஒரு மனிதர் அவசரமின்றி அருகில் அமர்ந்து கவனம் செலுத்தியதே என்று கொள்வதுதான் பொருத்தமாகப் படுகிறது.

இதைக் கேட்டதும் 'அப்படியானால் எல்லாம் மனப்பிரமையா?' என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அப்படியும் இல்லை. கடைவாய்ப்பல் பிடுங்கப்பட்டவர்களிடம் 1978இல் நடந்த ஆய்வில், மருந்துப்பொருள் எதுவுமில்லாத வெற்று மருந்தால் கிடைத்த வலிநிவாரணத்தை, அபின் வகை மருந்தின் செயலைத் தடுக்கும் நலோக்சோன் முறித்துவிட்டது. அதாவது, அந்த நிவாரணம் உடலே சுரக்கும் அபின் போன்ற பொருள்களால் வந்திருக்க வேண்டும். எதிர்பார்ப்பும் நம்பிக்கையும் உடலுக்குள் மெய்யான வேதி மாற்றங்களை உண்டாக்குகின்றன என்பதற்கு அது தொடக்ககாலச் சான்று. வலி குறைந்ததாகச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் வலி குறைவது வேறு, வலிக்குக் காரணமானது சரியாவது வேறு. இந்த இரண்டையும் கட்டுரை ஒன்றாக்கிவிட்டது என்பதே என் முதன்மையான குறை.

ரெய்கியைப் பல ஆயிரம் ஆண்டுத் தொன்மை வாய்ந்தது என்று கட்டுரை குறிப்பிட்டதையும் திருத்த வேண்டும். ஜப்பானில் மிக்காவோ உசுய் இதைக் கற்பிக்கத் தொடங்கியது 1922இல். ஹவாய்த் தீவைச் சேர்ந்த ஹவாயோ டகாட்டா வழியாக அது அமெரிக்கா சென்றது 1930களின் பிற்பகுதியில். (பழையதாக இருந்தால் மட்டும் என்ன, அட்டையைக் கடிக்கவிட்டு இரத்தம் எடுக்கும் சிகிச்சையும்தான் பழையது.)

எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கச் செய்தது, சிகிச்சைக்குப் பின் வலி கூடினால் அது 'நச்சுகள் வெளியேறுவதன் அடையாளம்' என்றும், பொறுத்துக்கொண்டு மேலும் சில அமர்வுகள் தொடர வேண்டும் என்றும் எழுதப்பட்டிருந்த வரி. உடலின் எச்சரிக்கையை நற்செய்தியாக மாற்றிச் சொல்லும் இந்த விளக்கம் எங்களிடம் வருபவர்கள் பலர் வாயிலும் புழங்குகிறது. முதுகுவலியோடு சிறுநீர் கழிப்பதில் தடையோ பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதியில் மரத்துப்போதலோ சேர்ந்தால் அது அவசர அறுவை சிகிச்சை தேவைப்படும் நிலையாக இருக்கக்கூடும். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம். நெஞ்சிலிருந்து தாடைக்கோ கைக்கோ பரவும் வலியைப் பற்றி விளக்கவே தேவையில்லை. இரவில் படுத்தாலும் ஓயாத வலி, காரணமின்றி எடை குறைதல், காய்ச்சலோடு வரும் மூட்டுவீக்கம் ஆகியவையும் அப்படியே. இவற்றில் எதையும் ஓர் அமர்வுகூடக் காத்திருக்க வைக்கக்கூடாது.

மருத்துவர் பரிசோதித்து, காரணம் தெரிந்து, மருந்தும் பயிற்சியும் நடந்துகொண்டிருக்கும்போது ரெய்கியைச் சேர்த்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. வலியுள்ளவர்கள், வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லாத, நோயைக் கண்டறிவதாக உரிமை கொண்டாடாத, தொடும் முன் அனுமதி கேட்கிற ஒருவரிடம் செல்லட்டும். அமர்வு முடிந்ததும் கிடைக்கும் தளர்வை உறங்கிக் கழிப்பதைவிட, அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் தமக்குச் சொல்லித்தரப்பட்ட முழங்கால் மடக்கும் பயிற்சியையோ ஒரு சிறு நடையையோ செய்யலாம். அச்சத்தால் அசைக்காமல் வைத்திருந்த மூட்டு இறுகிப் பின்னர் அதுவே வலிக்குக் காரணமாவதை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். அசைக்கத் துணிவு தருமானால், ரெய்கி அன்று தன் பங்கைச் செய்துவிட்டது என்பேன். சில வாரங்களில் நடையிலோ தூக்கத்திலோ மாற்றம் எதுவும் தெரியாவிட்டால், கட்டணத்தைத் தொடர்ந்து செலுத்துவதற்கு நியாயம் இல்லை.

அடுத்த முறை இப்பக்கத்தில் மாற்றுச் சிகிச்சை எதைப் பற்றி எழுதினாலும், மேலே நான் குறிப்பிட்ட அபாய அறிகுறிகளைக் கட்டுரையின் அருகிலேயே ஒரு பெட்டிச் செய்தியாக அச்சிடுமாறும், 'நச்சு வெளியேறுகிறது' என்ற அந்த வரிக்கு உரிய திருத்தத்தை விரைவில் வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓர் இயன்முறை சிகிச்சையாளர்