ஒலி போனால் எனக்குத் திரையே போகிறது: ஒரு மடிக்கணினி நிறுவனத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைவருக்கும் கணினியின் பாகங்களை இயக்கும் டிரைவர் மென்பொருளை எழுதும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

என் புகார் எண்ணும் மடிக்கணினியின் வரிசை எண்ணும் உங்களிடம் இருக்கின்றன. விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறிய அன்று ஒலி நின்றுபோனதும், அதற்குப் பிறகு உங்கள் தரப்பில் சொல்லப்பட்ட பதில்களும் அங்கே வரிசையாகப் பதிவாகியிருக்கும். அவற்றை மறுபடி எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். உங்கள் நிறுவனத்தின் பெயரையும் பொதுவில் எழுதவில்லை. படித்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பதிவில் ஒரே ஒரு சொல் என்னை எழுத வைத்தது. என் புகாரைக் 'குறைந்த முன்னுரிமை' என்று வகைப்படுத்தியிருக்கிறீர்கள்.

நான் பார்வையற்றவன். அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரின் துணையோடு கணினியில் வேலை செய்கிறேன். 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்றவர் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள் அது. இன்று தமிழிலும் பேசுகிறது. திரையில் உள்ள எழுத்து, பொத்தான், எச்சரிக்கை எல்லாம் எனக்குக் குரலாகத்தான் வந்து சேர்கின்றன. உங்கள் மற்ற வாடிக்கையாளர்களுக்கு ஒலி போனால் பாட்டும் படமும் போகும். எனக்குப் போவது திரை. திரை முழுவதும் கறுத்துப்போன மடிக்கணினியைக் 'குறைந்த முன்னுரிமை' என்று எழுதி ஓரமாக வைப்பீர்களா?

மதிப்பெண் பட்டியலை மறுநாள் கொடுக்க வேண்டிய இரவில் இது நடந்தது. இந்தக் கணினி விண்டோஸ் 11-க்குத் தயார் என்று உங்கள் அப்டேட் செயலியே அறிவித்திருந்தது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்துவிட்ட நிலையில், மாணவர்களின் விவரங்கள் உள்ள கணினியைப் பாதுகாப்பில்லாமல் வைத்திருக்கக் கூடாது என்றுதான் சம்மதித்தேன். கணினி அணைந்து மீண்டும் எழுந்தது. மின்விசிறி சுழலும் சத்தம் மட்டும் கேட்டது. கன்ட்ரோல், ஆல்ட், என் ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினேன், என்விடிஏ பேசவில்லை. விண்டோஸின் சொந்த வாசிப்பானான நரேட்டரை அழைத்தேன், அதுவும் பேசவில்லை. இரண்டும் ஓடிக்கொண்டிருந்தனவா, நான் எந்தச் சாளரத்தில் இருக்கிறேன் என்று அறிய எனக்கு எந்த வழியும் இல்லை.

உங்கள் உதவி எண்ணை அழைத்தேன். "திரையின் வலது கீழ் மூலையில் ஸ்பீக்கர் படத்தின்மேல் சிவப்புப் பெருக்கல் குறி தெரிகிறதா சார்?" என்று கேட்டார் எடுத்த பெண். எனக்குப் பார்வை இல்லை என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வீட்டில் வேறு யாராவது இருந்தால் பார்க்கச் சொல்லுங்கள்" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீங்கள் கொடுத்த தாளில் உள்ளதைத்தான் அவர் படித்தார். அந்தத் தாளில் என்னைப் போன்ற ஒருவர் இல்லை.

பக்கத்து வீட்டுப் பையனை அழைத்தேன். திரையில் என்ன இருக்கிறதோ அதை மேலிருந்து அப்படியே வாசி என்றேன். மறுதொடக்கத்துக்குப் பிறகு வேர்டு தானாகவே திறந்திருந்தது போலும். அவன் வாசிக்கத் தொடங்கியது, சொத்துத் தகராறு பற்றி என் அக்காளுக்கு நான் எழுதிக்கொண்டிருந்த கடிதம். நாலாவது வரியில் அவனே நிறுத்திவிட்டு, "இதை மூடிவிடட்டுமா அங்கிள்?" என்று கேட்டான். நல்ல பையன். ஆனால் கடிதங்களைப் பிறர் உதவியின்றி நானே படிக்கவும் எழுதவும் முடிய வேண்டும் என்பதற்காகத்தான் சம்பளத்தில் மிச்சம் பிடித்து உங்கள் மடிக்கணினியை வாங்கினேன். அந்த அந்தரங்கத்தை ஒரே இரவில் இழந்தேன். இது உங்கள் புகார்ப் பதிவில் எந்தக் கட்டத்தில் அடங்கும்?

அடுத்து உங்கள் சர்வீஸ் சென்டரின் பதிலுக்கு வருகிறேன். மதர்போர்டு பழுது, மாற்ற வேண்டும் என்றார்கள். மதர்போர்டில் பழுது இல்லை என்று என்னால் காட்ட முடியும். பள்ளிக் கணினி ஆய்வகத்திலிருந்து ஒரு யுஎஸ்பி ஹெட்செட் வாங்கிவந்து செருகினேன். உடனே குரல் வந்தது. அந்த ஹெட்செட்டில் தனி ஒலிச் சில்லு இருக்கிறது, விண்டோஸிலேயே உள்ள பொது டிரைவர் அதற்குப் போதும். அந்தக் குரலை வைத்துக்கொண்டு, டிரைவர்களை மாற்ற உதவும் டிவைஸ் மேனேஜருக்குள் போனேன். உங்கள் ஒலி டிரைவரை நீக்கி, மைக்ரோசாஃப்டின் பொதுவான ஹை டெஃபனிஷன் ஆடியோ டிரைவரைத் தேர்ந்தெடுத்ததும் ஹெட்போன் துளையில் ஒலி வந்தது. ஸ்பீக்கரில் வரவில்லை, மைக்கும் வேலை செய்யவில்லை. காரணம் பொறியாளர்களான உங்களுக்குத் தெரியும். ஸ்பீக்கருக்கு முன்னால் உள்ள, ஒலியைப் பெருக்கும் சில்லை எழுப்புவதும், டிஎஸ்பி என்ற ஒலிச் செயலி வழியாக வரும் மைக்கை இயக்குவதும் இந்த மாடலுக்கென்று நீங்கள் எழுதும் டிரைவரின் வேலை. பொது டிரைவருக்கு அவை தெரியாது. மதர்போர்டு நன்றாக இருக்கிறது. இல்லாதது விண்டோஸ் 11-க்கு ஏற்ற உங்கள் டிரைவர்.

போதாக்குறைக்கு, ஒவ்வொரு மாத அப்டேட்டின்போதும் விண்டோஸ் உங்கள் பழைய டிரைவரைத் தேடிப்பிடித்து மறுபடி நிறுவிவிடுகிறது. ஹெட்போனில் வந்த குரலும் போய்விடுகிறது. காலையில் வகுப்புக்கு முன் கணினியை இயக்கும்போது அது பேசுமா பேசாதா என்று காத்திருப்பது என் வழக்கமாகிவிட்டது. ஹெட்செட் இருக்கிறதே என்பீர்கள். இரண்டு காதையும் மூடிக்கொண்டு நாற்பது மாணவர்களின் வகுப்பை நடத்த முடியாது. மாணவர்களையும் எனக்குக் காதால்தான் தெரியும்.

மேம்படுத்திய 10 நாட்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதியை விண்டோஸ் தருகிறது. உங்கள் முதல் எழுத்துப்பூர்வமான பதில் அந்தக் கெடு முடிந்த பிறகே வந்தது. அதுவும் படமாக ஒட்டப்பட்ட பதில். ஸ்கிரீன் ரீடரால் அதைப் படிக்க முடியவில்லை.

இப்படி நடக்காமல் தடுக்க முடியும். 2018 அக்டோபரில் தவறான இன்டெல் ஒலி டிரைவர் ஒன்று விண்டோஸ் அப்டேட் வழியாகப் போய்ப் பலரது கணினிகள் ஊமையானபோது, மைக்ரோசாஃப்ட் அதைத் திரும்பப் பெற்று நீக்கும் அப்டேட்டையும் அனுப்பியது. 2024 டிசம்பரில், டிராக் (Dirac) என்ற ஒலி மென்பொருள் உள்ள கணினிகளில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பை நிறுவினால் ஸ்பீக்கரும் ஹெட்செட்டும் நின்றுபோவது தெரியவந்ததும், அத்தகைய கணினிகளுக்கு அந்தப் பதிப்பு போகாமல் நிறுத்தி வைத்தது. எந்தக் கணினியில் எந்தச் சில்லு, எந்த டிரைவர் என்று பார்த்து மேம்படுத்தலை நிறுத்தும் வழி நடைமுறையில் இருக்கிறது. உங்கள் செயலியும் 'தயார்' என்று சொல்வதற்கு முன் அதைப் பார்த்திருக்கலாம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். இந்த மாடலுக்கு விண்டோஸ் 11-இல் ஒழுங்காக இயங்கும் ஒலி டிரைவரை வெளியிடுங்கள். அது வெளிவரும்வரை இந்த மாடலுக்கு மேம்படுத்தல் அறிவிப்பை நிறுத்தி வையுங்கள்.

பார்வையற்றவர்களுக்கு, திரையில் உள்ளதைத் தொட்டுப் படிக்கும் புள்ளிகளாகக் காட்டும் பிரெயில் காட்சிக் கருவி இருக்கிறதே என்று உங்கள் மேலாளர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். இருக்கிறது. எங்களில் அதை வாங்க முடிந்தவர்கள் மிகச் சிலர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். இவர்களில் கணினிக்கு வந்து சேர்ந்த ஒவ்வொருவரும் எத்தனை தடைகளைத் தாண்டி வந்திருக்கிறோம் தெரியுமா? டிக்கெட் எடுக்கப் போனால் படத்தில் உள்ள எழுத்துகளை அடையாளம் காணச் சொல்கிறார்கள். வங்கிக் கணக்கு தொடங்கப் போனால் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். இதற்காகவே உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 42-ஆவது பிரிவு, அன்றாடப் பயன்பாட்டுக்கான மின்னணுப் பொருட்கள் அனைவருக்கும் ஏற்ற வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் கழிந்தும், பொருளைச் செய்பவர்கள் எங்களை நினைத்துப் பார்ப்பதே இல்லை. விற்கும்போது மட்டும் எங்கள் பணத்துக்கும் மற்றவர் பணத்துக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

கோபத்தில் எழுதியது எல்லையை மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொதுவான குறைகள் அனைத்துக்கும் நீங்கள் பொறுப்பல்ல. இந்த ஒரு டிரைவருக்கு நீங்கள்தான் பொறுப்பு. உங்களைத் தவிர வேறு யாராலும் அதை எழுதித் தர முடியாது.

எனவே மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: ஒலி டிரைவரை வெளியிடுங்கள், அதுவரை இந்த மாடலுக்கு மேம்படுத்தலை நிறுத்தி வையுங்கள். பார்வையற்றவர் ஒலி இழந்ததாகப் புகார் செய்தால் கணினி முழுவதும் முடங்கியதற்குச் சமமாகப் பதிவு செய்ய உங்கள் ஊழியர்களுக்குச் சொல்லுங்கள். முதலில் ஒரு யுஎஸ்பி ஹெட்செட்டைச் செருகிப் பார்க்கச் சொல்லும் ஒரு வரியை அந்தப் பெண்ணின் தாளில் சேர்த்தாலே அடுத்து அழைப்பவருக்கு அன்றிரவே குரல் கிடைத்துவிடும்.

பதிலை மின்னஞ்சலில் எழுத்தாகவே அனுப்புங்கள். படமாகவோ ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆகவோ வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளரான வரலாற்று ஆசிரியர் ஒருவர்