கூட்டுத் தொழில் கணக்குக்கு மூன்று ஆண்டுதான் கெடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை, லீ பஜார் மண்டி, ஜவ்வரிசி ஆலை எனச் சேலத்தில் அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் தொழில்கள் ஏராளம். ஒருவர் இறந்தால், ‘வருஷ திதி முடியட்டும், அப்புறம் கணக்குப் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். வாரிசுகள் ஏமாறுவது அங்கேதான்.

1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கூட்டாளி இறந்த அன்றே நிறுவனம் கலைகிறது. கூட்டாளிகள் இருவர்தான் என்றால், ‘வாரிசு தொடர்வார்’ என்ற வரியும் நிறுவனத்தைக் காப்பாற்றாது. கலைந்த நிறுவனத்தின் கணக்கும் லாபப் பங்கும் கேட்டு வழக்குப் போட, கலைந்த தேதியிலிருந்து 3 ஆண்டுதான் கெடு. பாகப்பிரிவினை வழக்குபோல நிதானமாகப் போடலாம் என்று இருந்துவிடக் கூடாது.

கடைக் கட்டடத்தில் கால் பங்கு கேட்பதும் வீண். நிறுவனச் சொத்தாகக் கணக்கில் ஏறிய கட்டடத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்க முடியாது. கூட்டாளியின் பங்கு அசையும் சொத்தே என்று உச்ச நீதிமன்றம் 1966இலேயே சொல்லிவிட்டது. நிறுவனச் சொத்திலிருந்து பணம் தீர்க்கும் வரிசை இது: முதலில் வெளிக்கடன், அடுத்து கூட்டாளி முதலுக்கு மேல் கொடுத்த பணம், பிறகு அவர் போட்ட முதல், மிஞ்சியது லாப விகிதப்படி. இதில் இரண்டாவதையும் மூன்றாவதையும் பேரேட்டில் ஒரே பக்கத்தில் எழுதி வைப்பதால்தான் பாதிச் சண்டை.

வெள்ளித் தொழிலில் சிக்கல் இன்னும் கூடுதல். மார்ச் 31 இருப்பு ரூபாயில் இருக்கும். இறப்பு ஐப்பசியில் நடந்தால், இடைப்பட்ட மாதங்களுக்குத் துண்டுச் சீட்டுதான் ஆதாரம். எனவே இறந்த தேதியில் இருந்த வெள்ளிக் கட்டி, பட்டறைக்காரர்களிடம் உள்ள வெள்ளி, அரைகுறைக் கொலுசு மூன்றையும் எடை, டச் (வெள்ளியின் தூய்மை அளவு), ஒப்புக்கொண்ட சேதாரத்துடன் தனித்தனியாக எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அதே தேதி வரையான வங்கி ஸ்டேட்மென்டும், வரவேண்டிய பாக்கிப் பட்டியலும் உடனே கைக்கு வரவேண்டும். விலையை அப்புறம் பேசிக்கொள்ளலாம். எடை மறைந்தால் திரும்பாது.

கணக்குத் தீர்க்காமல் மீதமுள்ள கூட்டாளி தொழிலை நடத்தினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, இறந்தவர் பங்கால் வந்த லாபத்தையோ 6 சதவீத வட்டியையோ வாரிசு கேட்கலாம். தேர்வு வாரிசுடையது, தொழில் ஓடுகிற கடையில் வட்டிக்குச் சம்மதிப்பது பெரும்பாலும் நஷ்டம். ‘பதிவு செய்யாத நிறுவனம், கோர்ட்டுக்குப் போக முடியாது’ என்று மிரட்டுவார்கள். கலைந்த நிறுவனத்தின் கணக்கு வழக்குக்கு அந்தத் தடை இல்லை.

இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால், மனைவி, மகன், மகளோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. கட்டிக்கொடுத்த மகளையும் வயதான தாயையும் விட்டுவிட்டு எழுதும் கணக்குத் தீர்வு பிறகு நிற்காது.

சமாதானம் பேசுகிறவர்கள் பேசட்டும். ஆனால் 3 ஆண்டு முடியும் முன், கணக்குத் தீர்வு பாக்கி இருப்பதாகத் தேதியிட்டுக் கையெழுத்திட்ட கடிதம் வாங்கினால் அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். வாய்ச் சொல்லுக்கு அந்தப் பலன் கிடையாது.

இப்படிக்கு,
ஒரு வரி ஆலோசகர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.