கீழே இறங்கிவிட்ட அடுக்கு எண்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு மாணவர் பக்கத்தில், இதுவரை தெரிந்தவற்றிலேயே பெரிய பகா எண்ணைப் பற்றி அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். கணக்குக்கு இவ்வளவு இடம் கொடுத்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம். ஆனால் எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டீர்கள். 2-இன் தலைக்கு மேல் பொடி எழுத்தில் நிற்க வேண்டிய 136279841 கீழே இறங்கி, எல்லாம் ஒரே வரியாக '2136279841-1' என்று அச்சாகியிருக்கிறது.

பெரம்பூரில் என் வீட்டுத் திண்ணையில் மாலை நேரம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்ட அந்தப் பகுதியைக் கத்தரித்துக் கொண்டுவந்தான். "டீச்சர், ஒண்ணைக் கழிச்சா கடைசியில 0 வருதே! பத்தால வகுபடுமே, அப்புறம் எப்படிப் பகா எண்?" என்றான். அவன் கேட்டது சரிதான். நீங்கள் போட்டபடி பார்த்தால் அது வெறும் பத்து இலக்க எண். உண்மையான எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள்.

அடுக்கை மேலே ஏற்றி எழுதிக் காட்டினேன். 2, 4, 8, 16, 32, 64 என்று இரண்டின் அடுக்குகளைப் பலகையில் எழுதச் சொன்னேன். ஒன்றாம் இலக்கம் 2, 4, 8, 6 என்று நான்குக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருவதை அவனே கண்டுபிடித்தான். 13,62,79,841-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. அப்படியென்றால் அந்த அடுக்கு 2-இல் முடியும். ஒன்றைக் கழித்தால் 1. நாலு கோடி இலக்க எண்ணின் கடைசி இலக்கத்தை ஒரு துண்டு சாக்பீஸில் பிடித்துவிட்டான். முழு எண்ணையும் எழுதிவிடலாமா என்று கேட்டான். வரிக்கு 60 இலக்கம், பக்கத்துக்கு 30 வரி என்று போட்டுப் பார்த்தோம்: 200 பக்க நோட்டு 114 வேண்டும். அதையே 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதும் இரும எண் முறையில் எழுதினால் வெறும் 1, 1, 1 என்று 13,62,79,841 ஒன்றுகள், நடுவில் ஒரு பூஜ்யம்கூட இல்லை. இதைக் கேட்டு அவன் கண் விரிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இப்படி இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்து வரும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். இது தெரிந்தவற்றில் 52-ஆவது. அடுக்கு பகா எண்ணாக இருந்தே ஆக வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. 11 பகா எண்தான். இரண்டின் 11-ஆவது அடுக்கில் 1 போனால் வருவது 2047, அது 23 பெருக்கல் 89. அதனால்தான் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டியிருக்கிறது. 17 நாடுகளில் கிராபிக்ஸ் சிப்புகளை ஓடவிட்டு லூக் டூரண்ட் என்பவர் தேடியதில், டப்ளினில் இருந்த ஒரு சிப்புதான் 2024 அக்டோபர் 11 அன்று இந்த எண்ணை முதலில் காட்டிக்கொடுத்தது. மறுநாள் டெக்சாஸில் இன்னொரு சிப்பு உறுதி செய்தது.

இன்னொன்று. இந்த எண் வங்கிக் கணக்குகளைப் பாதுகாக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், அதுவும் தவறு. தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் ஆர்.எஸ்.ஏ. என்ற சங்கேத முறையில் பயன்படுபவை சில நூறு இலக்கப் பகா எண்கள். யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் அவற்றின் பலம். ஊருக்கே தெரிந்த எண் எப்படிப் பூட்டாகும்?

என் அப்பா பிராட்வே பக்கம் ஓர் அச்சகத்தில் அச்சுக்கோர்ப்பவராக இருந்தார். அடுக்கு எண்ணுக்கான பொடி எழுத்துகளைத் தனிப் பெட்டியில் வைத்திருப்பார். கணக்குப் புத்தகம் வந்தால் ஒவ்வொன்றாக எடுத்துக் கோர்ப்பார். இன்றைக்குக் கணினியில் அது ஒரு நிமிட வேலை. எழுத்துரு இடம் கொடுக்கவில்லை என்றால், 'இரண்டின் 13,62,79,841-ஆவது அடுக்கு, அதில் ஒன்று குறைவு' என்று சொல்லாலேயே போடுங்கள்.

தயவுசெய்து அதே மாணவர் பக்கத்தில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். பையன் அந்தத் துண்டை இன்னும் ஒட்டவில்லை. திருத்தம் வந்ததும் இரண்டையும் சேர்த்து ஒட்டுவதாக நோட்டுக்குள் வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
பெரம்பூர், சென்னை - 11