பதில் எழுத வேண்டாம் என்று தடுக்கும் மேலாளர்களுக்கு

வணக்கம்.

நம்மிடம் சம்பளம் வாங்குகிற நிரலாளர் இணையக் குழுக்களில் முகம் தெரியாதவர்களின் கேள்விகளுக்கு ஏன் சும்மா பதில் சொல்லிக்கொடுக்கிறார் என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். நிறுவன ரகசியம் வெளியே போகக் கூடாது, சரி, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எதற்குமே பதில் எழுதக் கூடாது என்று உத்தரவு போடுவது உங்களுக்கே நஷ்டம்.

போன மாதம் ஒருவர், டேட்டாபேஸில் தேதிக்கு இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போட்டும் தேடல் ஆமை வேகத்தில் நகர்கிறது என்று புலம்பியிருந்தார். பதில் தெரியும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், எதற்கும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம் என்று பார்த்தால், அவர் தேதியிலிருந்து வருடத்தை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிட்டிருந்தார். அப்படித் தேதியை ஒரு ஃபங்ஷனுக்குள் (மதிப்பை மாற்றித் தரும் கட்டளைக்குள்) போட்டுவிட்டால் சாதாரண இன்டெக்ஸ் பெரும்பாலும் உதவாது; இந்த ஜனவரி 1 முதல் அடுத்த ஜனவரி 1-க்கு முன்புவரை என்று எல்லை கொடுத்தால் சட்டென்று வந்துவிடும். இதை அவருக்குப் புரிகிற மாதிரி நாலு வரியில் எழுத ஒரு மணி நேரம் பிடித்தது. எழுதி முடித்த பிறகுதான் எங்கள் அலுவலக அறிக்கையிலும் அதே தவறு இருப்பது உறைத்தது. மூன்று வருடமாக என் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்த அறிக்கை அது!

இது என் அனுபவம் மட்டுமல்ல. இணையதளங்களை இயக்கும் அப்பாச்சி வெப் சர்வர் என்ற மென்பொருளின் பயனர்களுக்கு இலவசமாக உதவியவர்களைப் பற்றி கரீம் லக்கானியும் எரிக் வான் ஹிப்பலும் 2003-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உதவியவர்களுடைய நேரத்தில் பெரும்பகுதி பதில் எழுதுவதில் போகவில்லை, அடுத்தவர்களின் கேள்வி பதில்களைப் படித்துத் தாங்கள் கற்றுக்கொள்வதில்தான் போயிருக்கிறது. தெரிந்த கேள்வி கண்ணில் பட்டால் எழுதிவிட்டு நகர்வது சில நிமிட வேலை.

பேர் கிடைக்கும் என்ற ஆசையும் உண்டு, மறுக்கவில்லை. அதைவிடப் பெரியது கடன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நள்ளிரவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, யாரோ என்றோ எழுதிவைத்த பதில்தான் என்னைக் காப்பாற்றியது. அவருக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது? அடுத்து அதே இடத்தில் தவிப்பவருக்குத்தான் கொடுக்க முடியும். உங்கள் சர்வர்களில் ஓடுகிற லினக்ஸ் இயங்குதளமும், 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் இணையக் குழு ஒன்றில் அறிவித்து, பலர் கைகொடுத்து வளர்ந்ததுதான்.

அதனால் வாடிக்கையாளர் தகவல், உங்கள் சொந்த நிரல், பாஸ்வேர்ட் என்று சொல்லக் கூடாதவற்றைத் தெளிவாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் மற்றதற்கு வாரத்தில் இரண்டு மணி நேரம், அலுவலக நேரத்திலேயே விடுங்கள்.