காகிதத் தட்டு விருதுகளும் கொஞ்சம் நன்றியும்

அணி நண்பர்களுக்கும், வியாழக்கிழமை மாலைகளில் வாஷிங்டன் நேஷனல் மால் புல்வெளியில் எங்களோடு நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

நம் கிக்பால் சீசன் முடிந்துவிட்டது. கோப்பை வேறு அணிக்குப் போய்விட்டது. அவர்கள் நம்மைவிட நன்றாகவே ஆடினார்கள், அதில் சண்டை இல்லை. அன்று இரவு காகிதத் தட்டில் மார்க்கரால் எழுதிக் கொடுத்த விருதுகளைத்தான் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. பாரில் இருந்த இரைச்சலில் யாருக்கு எதற்காகக் கொடுத்தோம் என்பது பாதிப் பேருக்குக் காதில் விழவே இல்லை.

ஊரில் இருக்கும் வீட்டாரும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். "இந்த வயதில் என்ன பந்து விளையாட்டு?" என்று கேட்டவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கிக்பால் என்பது பேஸ்பால் மாதிரிதான், மட்டைக்குப் பதில் கால். பத்து அங்குல சிவப்பு ரப்பர் பந்தை பிட்சர் தரையோடு உருட்டிவிடுவார். அதை உதைத்துவிட்டு 60 அடி தள்ளியிருக்கும் முதல் பேஸுக்கு, அதாவது ஓடித் தொட வேண்டிய முதல் குறிக்கு, ஓட வேண்டும்; மற்ற பேஸ்களையும் தொட்டுச் சுற்றி வந்தால் ஒரு ரன். சின்ன வயதில் ஓடுகிறவன் முதுகில் பந்தால் அடித்து விளையாடுவோமே, அதுவும் இதில் உண்டு, பட்டால் அவுட். 1917 வாக்கில் சின்சினாட்டி நகரப் பூங்காக்களில் விளையாட்டுத் திடல்களை மேற்பார்த்த நிக்கலஸ் சூஸ் எழுதிவைத்த ஆட்டம். இங்கே பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் மூன்றாம் வகுப்பில் ஆடியிருப்பார்கள். பெரியவர்கள் இதற்கென்று ஒரு சங்கம் வைத்து ஆட ஆரம்பித்தது 1998இல், அதுவும் இதே வாஷிங்டனில்தான். ஆகவே நாங்கள் ஒன்றும் புதிதாகக் கிறுக்குப் பிடித்தவர்கள் இல்லை.

சரி, விருதுகளுக்கு வருகிறேன்.

சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது முதல் பேஸ் அக்காவுக்கு. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. உதைத்தவர் ஓடிவருவதற்குள் பந்து முதல் பேஸில் பிடிபட்டால் அவுட், இந்த ஆட்டத்தில் நிறைய அவுட்டுகள் அங்கேதான் விழுகின்றன. உள்ளே காற்று அடைத்த அந்தப் பெரிய பந்தை உள்ளங்கையில் பிடிக்கப் போனால் துள்ளி ஓடிவிடும். அக்கா கையால் பிடிப்பதே இல்லை. ஒரு காலை பேஸின் ஓரத்தில் ஊன்றி, லேசாகக் குனிந்து, மரத்திலிருந்து இறக்கும் பலாப்பழத்தை வாங்குவதுபோல வயிற்றோடு அணைத்து வாங்கிக்கொள்வார். முதல் சில வாரங்கள் எதிரணியினர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் அவர்களுடைய முதல் பேஸ்காரரும் அப்படியே பிடிக்க ஆரம்பித்தார்! அக்கா, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே இருக்கும் ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து நாங்கள் கண்டபடி எறிந்ததை எல்லாம் திட்டாமல் வாங்கியதற்குத் தனியாக ஒரு நன்றி. திட்டியிருந்தாலும் நியாயம்தான்.

அடுத்தது "மெல்ல உதை" விருது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பந்தைத் தூக்கி அடித்தால்தான் மனசு ஆறும். வாஷிங்டன் நினைவுத் தூணைப் பார்த்து ஓங்கி உதைப்பதும், அது அழகாக மேலே போய் எதிரணியின் கையில் விழுவதும், நாம் தலையைத் தொங்கப் போட்டுத் திரும்புவதும் வாடிக்கையாக இருந்தது. யார் யார் என்று சொல்ல மாட்டேன், அவர்களுக்கே தெரியும். முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு வந்த மதுரைத் தம்பிக்கு அப்படி உதைக்கவே முடியாது. அரையிறுதியில், ஐந்தாவது இன்னிங்ஸில், மூன்றாம் பேஸில் நம் ஆள் நிற்கிறார், இரண்டு அவுட், ஸ்கோர் சமம். தம்பி வந்ததும் எதிரணிக்காரர்கள் பட்டியைப் பார்த்தார்கள். ஆனாலும் பழக்க தோஷத்தில் எல்லோரும் பின்னால்தான் நின்றார்கள். அவன் பந்தைத் தடுத்துவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். மழை பெய்து ஈரமாக இருந்த புல்லில், மூன்றாம் பேஸ் கோட்டை ஒட்டி, நாலு எட்டு உருண்டு நின்றுவிட்டது. உதைப்பவருக்குப் பின்னால் நிற்கும் கேட்சரும், பிட்சரும் நீ எடு நான் எடு என்று ஒருவரை ஒருவர் பார்ப்பதற்குள் தம்பி நொண்டிக்கொண்டே முதல் பேஸைத் தொட்டுவிட்டான், ரன்னும் வந்துவிட்டது. இறுதிப் போட்டிக்கு நாம் போனது அந்த ஒரு உதையால்தான். தம்பி, இனி மருத்துவர் சொல்வதைக் கேட்டு ஓய்வெடு.

நம் பிட்சர் சின்சினாட்டிக்காரர் என்பது எவ்வளவு பொருத்தம்! முதல் வாரம் பாதிப் பேருக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்றே தெரியாது. உப்பு டப்பாவையும் கெச்சப் பாட்டிலையும் மேசையில் பேஸாக வைத்து, வறுத்த உருளைக்கிழங்கை ஓட்டக்காரர்களாக்கி, சலிக்காமல் சொல்லிக்கொடுத்தார். அவுட்டான ஓட்டக்காரர்களை அவரே சாப்பிட்டதால் விதி சட்டென்று மனதில் பதிந்தது. அவருக்கு இங்கிலீஷில் நேரில் சொல்லியாயிற்று. தமிழில் எழுதியதை யாராவது படித்துக்காட்டுங்கள்.

ஹெர்ன்டன் ஊரிலிருந்து வரும் அண்ணிக்கு என்ன விருது கொடுப்பது என்று தெரியாமல் "வருகைப் பதிவு" என்று எழுதினேன். கேலி இல்லை. நம் லீகில் களத்தில் நான்கு பெண்களாவது இருக்க வேண்டும். ஆள் குறையும் என்று தெரிந்த நாளெல்லாம் அண்ணி ஆபீஸ் உடையோடு சில்வர் லைன் மெட்ரோ ரயில் பிடித்து, ஸ்மித்சோனியன் ஸ்டேஷனில் இறங்கி ஓடிவருவார். வந்ததும் முதலில் கேட்பது, "நாலு பேர் இருக்கோமா?"

இடது ஓரத்தில் நின்ற தம்பிக்கு "போக்குவரத்துக் காவலர்" விருது. இந்தப் புல்வெளியில் ஆடுபவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும். பந்து வானத்தில் இருக்கும்போது சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி குச்சியோடு குறுக்கே வருவார்கள். நம்மைப் போலவே மஞ்சள் சட்டை போட்ட ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் களத்துக்குள் வந்தபோது, நமக்கு எத்தனை பீல்டர்கள் என்று அம்பயர் திகைத்துப் போனார். எல்லோரையும் சிரித்த முகத்தோடு ஒதுக்கிவிட்டு, கேட்சையும் பிடித்தான் அந்தப் பையன்.

மற்ற அணிகளிலிருந்து அம்பயராக வந்து, மாலை முழுக்க நின்று, இரண்டு பக்கமும் வசவு வாங்கிய நண்பர்களுக்கு நன்றி. கணுக்கால் பிசகி நம் கேட்சர் உட்கார்ந்துவிட்ட அன்று, எதிரணியில் இருந்த நர்ஸ் தன் முறை வந்தும் உதைக்கப் போகாமல் ஐஸ் வைத்துக் கட்டுப்போட்டார். அவருடைய அணியும் காத்திருந்தது. இடி இடித்தால் கடைசி இடியிலிருந்து அரைமணி நேரம் ஒதுங்கி இருக்க வேண்டுமே, அப்போதெல்லாம் குழந்தைகளை மேய்த்த அப்பாக்களுக்கும் நன்றி.

கோயம்புத்தூரிலிருந்து மகளைப் பார்க்க வந்த அம்மாவை விட்டுவிட முடியாது. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தவர், கொஞ்ச நாளிலேயே அம்பயர் வாயைத் திறப்பதற்குள் "ஃபவுல்!" என்று கத்தப் பழகிவிட்டார். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரி. அம்மா, அடுத்த தடவை விசில் வாங்கி வைக்கிறோம்.

பந்தும் பம்பும் பிட்சர் வீட்டில் இருக்கின்றன. இலையுதிர்கால சீசனுக்கு வருகிறவர்கள் இந்த வாரத்துக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள். அண்ணி, உங்கள் மஞ்சள் சட்டை என் காரில்தான் கிடக்கிறது. துவைத்துத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கேப்டன்